390 மீட்டரில் ஒரு வரையாடு

கிறைஸ்ட்சர்ச் நகரில் என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, என் மனைவி அந்த வீட்டுப் பக்கமாகக் கோலம் போடுவதை நிறுத்திவிட்டாள்.

"பாத்தா சாது மாதிரி இருக்காரு. எலுமிச்சம்பழம் எல்லாம் பறிச்சுக் குடுத்தாரு. உள்ளே துப்பாக்கியா?" என்றாள்.

"நியூசிலாந்துல இது சகஜம் அத்தை. லைசென்ஸ் வாங்கி, இரும்புப் பெட்டியில பூட்டித்தான் வைக்கணும்" என்று மாப்பிள்ளை சமாதானம் சொன்னார். அவள் சமாதானமாகவில்லை.

அந்த மனிதருக்கு வயது 70-ஐ நெருங்குகிறது. பெயரை நான் மூன்று விதமாக உச்சரித்து, மூன்றுக்கும் அவர் திரும்பிப் பார்த்தார். ஆகவே இங்கே 'பெரியவர்' என்றே வைத்துக்கொள்வோம். போன மே மாதம், குளிர் ஆரம்பித்த ஒரு காலையில், வேலிக்கு மேல் தலையை நீட்டி, "நீங்க சர்வேயராமே? உங்க பொண்ணு சொன்னா. எனக்கு ஒரு உதவி வேணும். தாருக்குப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு பைனாகுலர் வாங்கணும்" என்றார்.

எனக்குத் தெரிந்த தார், ரோடு போடுகிற தார். அதற்கு எதற்குப் பைனாகுலர்? எங்கள் ஊர் காண்ட்ராக்டர்கள் போடும் ரோட்டில் தார் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டுமானால் பயன்படும்.

அப்புறம்தான் புரிந்தது. தார் என்பது ஆடு. இமயமலை வரையாடு. நம் நீலகிரி வரையாட்டுக்கு ஒரு வகையில் உறவு. ரொம்ப நாள் இரண்டையும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி என்றுதான் விஞ்ஞானிகள் எழுதி வைத்திருந்தார்கள். 2005-இல் மரபணுவைப் பார்த்துவிட்டு, 'நீலகிரிக்காரன் தனி ஆள், செம்மறிக்குத்தான் நெருக்கம்' என்று பிரித்துவிட்டார்கள். அதனால் என்ன, சொந்தம் சொந்தம்தானே. வால்பாறைப் பக்கம் வேலையாகப் போன காலத்தில், கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு எனக்கு நிறையத் தரிசனம் கொடுத்திருக்கிறது. அதன் சொந்தக்காரனைச் சுடப் போகிறார்; அதற்கு நான் உதவ வேண்டும்!

"வேணாங்க. பாவம்" என்றாள் மனைவி. "பைனாகுலர்தானே வாங்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். 34 வருஷம் தூரம் அளந்தே பிழைத்தவன். அளக்கிற கருவி என்றால் கால் தானாக நடக்கும்.

கடையில் மூன்று பைனாகுலர்களை எடுத்து வரிசையாக வைத்தான் கவுன்டர் பையன். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு கிலோ. விலைச் சீட்டைப் பார்த்தேன். மூன்றாவதன் விலைக்கு எங்கள் ஊரில் ஓரளவு ஓடுகிற பழைய கார் வாங்கலாம்.

இவை வெறும் பைனாகுலர் இல்லை. உள்ளே லேசர் தூரமானி இருக்கிறது. ஆட்டைப் பார்த்து பொத்தானை அமுக்கினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஓடிப்போய் ஆட்டின் மேல் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடும். 300 மீட்டர் போய்த் திரும்ப 2 மைக்ரோ செகண்ட். அதாவது ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டு போட்டு, அதில் இரண்டே துண்டு. 1802-இல் லாம்டன் துரை பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி போட்டு அளக்க 57 நாள் ஆயிற்று என்று எங்கள் டிபார்ட்மென்ட்டில் பெருமையாகச் சொல்லுவோம். வேட்டைக்காரர்களுக்கென்று இப்படிப் பைனாகுலருக்குள்ளேயே தூரமானியை வைத்து லைக்கா கம்பெனி முதன்முதலில் விற்றது 1992-இல். இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன.

"இது 3,000 மீட்டர் வரைக்கும் அளக்கும் சார்" என்றான் பையன், மூன்றாவதைத் தடவிக்கொண்டே.

பெரியவர் கேட்டார்: "பாறைக்கா, ஆட்டுக்கா?"

பையன் கொஞ்சம் நெளிந்தான். "அது... பளபளப்பான பொருளுக்கு சார். ஆட்டுக்குன்னா பாதிக்கும் குறைவு. வெயில், மூடுபனி இருந்தா இன்னும் குறையும்."

கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர் என்று எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. ஈரமான, கருப்பு ரோமம் போர்த்திய ஆடு ஒளியைக் குடித்துவிடும். திருப்பித் தராது. கடன் வாங்கின சொந்தக்காரன் மாதிரி.

"பெருக்கம் எட்டா, பத்தா?" என்று அடுத்து என்னைக் கேட்டார்.

பைனாகுலர் மேல் '10 பெருக்கல் 42' என்று போட்டிருந்தால், பத்து மடங்கு கிட்டத்தில் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 42-ஐ 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அது. எட்டு மடங்கு என்றால் 5.25. அதே பத்து மடங்கை 32 மில்லிமீட்டர் குட்டிக் கண்ணாடியில் வாங்கினால் 3.2-தான். பட்டப்பகலில் வித்தியாசம் தெரியாது. ஆடு வெளியே வருகிற விடியலிலும் அந்தியிலும்தான் தெரியும். பத்து மடங்கில் இன்னொரு தொல்லை: கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும். இதைச் சொன்னதும் பெரியவர் தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சரி, கடைக்குள்ள எல்லாமே நல்லாத்தான் தெரியும். வெளியில வெச்சுப் பாப்போம்" என்றேன்.

பையன் கூடவே வந்தான். ஹேக்ளி பார்க் நம் மெரினா மாதிரி அந்த ஊருக்கு. கடல் கிடையாது, சுண்டல் கிடையாது. புல்வெளி மட்டும் கண்ணுக்கெட்டின வரை. அங்கே வெள்ளை அடித்த ரக்பி கம்பம் ஒன்று. நான் காலடியால் அளந்து நூறு மீட்டரில் நின்றேன். (என் நடை நூறு மீட்டருக்கு 132 அடி வைப்பு. ரிட்டையர் ஆனாலும் மாறவில்லை.) மூன்று கருவிகளும் 100, 101 என்று சரியாகச் சொல்லிவிட்டன. வெள்ளைக் கம்பத்தை அளப்பது என்ன கஷ்டம்?

அப்புறம் மைதானத்தின் மறுகோடியில் மழையில் நனைந்து கறுத்துக் கிடந்த ஒரு மரத்தைக் காட்டினேன். முதல் கருவி கோடு கோடாகக் காட்டியது. அப்படியென்றால் 'தெரியாது' என்று அர்த்தம். இரண்டாவது ஒரு தடவை 412 என்றது, மறுதடவை 380. மூன்றாவது ஐந்து தடவையும் 411, 412.

"ரெண்டாவது ஏன் புளுகுது?" என்றார் பெரியவர்.

புளுகவில்லை. லேசர் என்றால் ஊசி மாதிரி ஒரே கோடாகப் போகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதுவும் டார்ச் லைட் மாதிரி விரியத்தான் செய்கிறது. 1,000 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். மரத்துக்கு முன்னால் ஒரு புதர் இருந்தால் அதிலும் பட்டுத் திரும்பும். முன்னால் இருப்பதைச் சொல்லட்டுமா, பின்னால் இருப்பதைச் சொல்லட்டுமா என்று கருவியிலேயே திருத்தி வைக்க வசதி உண்டு. வைக்காவிட்டால் புதரின் தூரத்தை ஆட்டின் தூரம் என்று நம்பிவிடுவோம்.

"முப்பது மீட்டர் வித்தியாசம். அதனால என்ன பெரிசா வந்துடும்?" என்று நான்தான் சாதாரணமாகக் கேட்டேன்.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பையனை, "ஒரு காபி வாங்கிட்டு வாப்பா" என்று அனுப்பினார். பிறகு சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கிடா. தூரமானி கிடையாது. நாற்பது வருஷ அனுபவம், கண்தான் அளவுகோல். 250 மீட்டர் என்று மனசு சொன்னது. சுட்டார். துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட நொடியிலிருந்து குண்டு விழுந்துகொண்டேதான் போகிறது. அவருடைய துப்பாக்கி 200 மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்தது. 400 மீட்டர் போனால் குண்டு குறிக்குக் கீழே இரண்டு அடிக்கு மேல் இறங்கிவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் ஓர் அடி, அதற்கு மேல். நெஞ்சில் பட வேண்டியது காலில் பட்டது. கிடா நொண்டிக்கொண்டே பாறைக்குள் போய்விட்டது.

"இருட்டற வரைக்கும் தேடினேன். மறுநாளும் தேடினேன். கிடைக்கலை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுபடி சொன்னார்.

"அடுத்த மாசம் ஒரு சிநேகிதனோட தூரமானியைக் கடன் வாங்கிட்டு, நான் படுத்திருந்த அதே இடத்துக்குப் போய் அளந்தேன். 370. மலைக்காத்து சுத்தமா இருந்தா எதிர்மலை பக்கத்துல வந்த மாதிரி தெரியும். நாப்பது வருஷமாத் தெரிஞ்ச விஷயம்தான். அன்னிக்கு மறந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவர் சுடவே இல்லையாம். இப்போது பேத்திக்குப் பதினைந்து வயது. 'தாத்தா, என்னைக் கூட்டிட்டுப் போ' என்று ஒரு வருஷமாக நச்சரிப்பு. தான் செய்த தப்பை அவளும் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பைனாகுலர்.

எனக்குச் சங்கிலி இழுத்த நாள்கள் ஞாபகம் வந்தன. ஒரு லிங்க் தப்பாக எழுதினால் ஒரு குடும்பத்தின் வரப்பு நகர்ந்துவிடும். அந்தப் பயம் இருந்தவரைதான் நான் நல்ல சர்வேயர்.

"மூணாவதை எடுத்துக்குங்க. ஆனா எட்டு மடங்கு மாடல் இருக்கான்னு கேளுங்க" என்றேன். இருந்தது.

நானும் கூடப் போனது என் மனைவிக்குப் பிடிக்காத விஷயம். "துப்பாக்கியை நான் தொடவே மாட்டேன். நான் பை தூக்கத்தான் போறேன்" என்று சொன்னதும், "அப்போ ஸ்வெட்டர் ரெண்டு போட்டுக்குங்க" என்று அனுமதி கொடுத்தாள்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் ஓடினால் டெக்கப்போ ஏரி. பனிப்பாறை அரைத்த கல்மாவு தண்ணீரில் மிதப்பதால், ஏரி முழுக்கத் துணிக்கு நீலம் போட்ட மாதிரி ஒரு நிறம். ஏரிக்கரையில் 1935-இல் கட்டிய ஒரு குட்டிக் கல் தேவாலயம். அதற்குப் பக்கத்தில் ஒரு நாய்க்குச் சிலை. அரசியல்வாதி இல்லை, நிஜ நாய். ஆடு மேய்க்கும் நாய்கள் இல்லாவிட்டால் இந்தப் பிரதேசமே இல்லை என்று நன்றிக்காக வைத்தது. சிலை வைக்கத் தெரிந்த ஊர்!

ஏரிக்கு வடக்கே காட்லி ஆற்றுப் பள்ளத்தாக்கு. ரோடு முடிந்து, கூழாங்கல்தான் ரோடு. ஆறு ஒரே ஆறாக ஓடாமல், பிரித்துப் போட்ட பின்னல் மாதிரி பத்துக் கிளையாக ஓடுகிறது. ஜீப் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறியது. நானும் இருக்கையில் இறங்கி ஏறினேன். சாயங்காலம் ஒரு மலைக்குடிசையில் தங்கினோம். நான்கு பலகைக் கட்டில், ஒரு விறகு அடுப்பு. வெளியே 'கியா' என்ற பச்சைக் கிளி இரண்டு வந்து ஜீப்பின் வைப்பர் ரப்பரைப் பிய்த்துத் தின்றன. நம்ம ஊர்க் கிளி சீட்டு எடுக்கும். இது ஆர்.டி.ஓ. மாதிரி வண்டியைச் சோதிக்கிறது.

இந்த நாட்டில் மனிதன் வருவதற்கு முன் வௌவால்களைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டியே கிடையாது. மலையில் முளைத்த புல்லுக்கும் பூவுக்கும் ஆட்டின் பல் என்றால் என்னவென்றே தெரியாது. 1904-இல் பெட்ஃபோர்ட் பிரபு இங்கிலாந்தில் வளர்த்த கூட்டத்திலிருந்து சில தார்களை அன்பளிப்பாக அனுப்பி, அவோராக்கி மலையடியில் அவிழ்த்துவிட்டார்கள், வேட்டையாட வசதியாக. இமயமலையில் இருந்த சிறுத்தை இங்கே இல்லை. ஆடு பெருகிவிட்டது. 10,000-க்கு மேல் போகக் கூடாது என்று 1993-இல் அரசாங்கம் திட்டம் போட்டது. 2020 வாக்கில் 30,000-ஐத் தாண்டியிருந்தது. சுட்டுக் குறைப்போம் என்று வனத்துறை கிளம்ப, எங்களுக்கு மிச்சம் வைக்காமல் சுடுகிறீர்களே என்று வேட்டைக்காரர்கள் கோர்ட்டுக்கே போனார்கள்.

பெரியவரிடம் நான் நம் ஊர்க் கணக்கைச் சொன்னேன். தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. 2024-இல் எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,031. 2025-இல் 1,303. ஒவ்வொன்றாக எண்ணுகிறோம், கூடினால் பேப்பரில் போடுகிறோம்.

பேத்தி கண்ணை விரித்து, "நீங்க எண்றீங்க, நாங்க கழிக்கிறோம்" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? ஓர் ஆட்டுக்குப் பிறந்த இடமா, வந்த இடமா என்பதில் தலையெழுத்தே மாறிவிடுகிறது.

மறுநாள் மதியம், செங்குத்தான சரிவில் கிடாவைக் கண்டோம். கண்டது பேத்தி. குளிர்காலத்துக் கிடாவுக்குப் பிடரி மயிர் சிங்கம் மாதிரி வளர்ந்துவிடும். காற்று அடிக்க, அது அலை அலையாகப் புரண்டது. நம் வரையாட்டுக்கு இந்த அலங்காரம் இல்லை. ஆனால் பாறை விளிம்பில் நின்று நம்மைக் கீழே பார்க்கிற அந்த அலட்சியம் அதேதான்.

அவள் துப்பாக்கியின் டெலஸ்கோப் வழியாகப் பார்க்கப் போனாள். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "அதுல பாக்காதே. அது வழியா எதைப் பாத்தாலும் குழல் அதுக்கு நேரா இருக்கு. அங்கே இருக்கறது மனுஷனா இருந்தா? பாக்கறதுக்குப் பைனாகுலர்." குறி சந்தேகத்துக்கு இடமில்லாமல் என்னவென்று தெரிந்த பிறகே துப்பாக்கி என்பது அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று.

பைனாகுலரை வாங்கி அமுக்கினாள். சிவப்பில் எழுத்து வந்தது. 390. அதற்குப் பக்கத்திலேயே 338.

"ரெண்டுல எது தாத்தா?"

தாத்தா என்னைப் பார்த்தார். இது என் பாடம். கிடா நமக்கு 30 டிகிரி மேலே நிற்கிறது. சாய்வாக அளந்தால் 390. ஆனால் புவியீர்ப்பு குண்டை இழுப்பது, கிட்டத்தட்ட, படுக்கைவாட்டு தூரத்துக்குத்தான். 390-ஐ 30 டிகிரியின் கோசைனால் பெருக்கினால் 338. பத்தாம் வகுப்பில் 'இது எதுக்கு சார் உதவும்?' என்று நாம் கேட்டோமே, அதுதான். கருவியே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

"அப்போ 338. நம்பர் வந்துடுச்சு. சுடலாமா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. புல்லைக் கொஞ்சம் பிய்த்து மேலே விட்டார். அது இடது பக்கம் பறந்தது. எதிர்ச் சரிவில் புல் வலது பக்கம் சாய்ந்திருந்தது.

"நம்பர் வந்துடுச்சு. காத்து வரலையே அதுல" என்றார். "குண்டு அங்கே போய்ச் சேர அரை செகண்ட் ஆகும். அதுக்குள்ள ரெண்டு பக்கத்துக் காத்தும் அதைத் தள்ளும். அந்தக் கிடா ஓர் அடி எடுத்து வெச்சாலும் போச்சு. உன்னால முடியாது. என்னாலயும் முடியாது. கிட்டே போவோம்."

கிட்டே போவது என்றால் ஒரு மணி நேரம் வயிற்றால் ஊர்வது. நான் பையோடு ஊர்ந்தேன். ஐம்பது மீட்டர்கூடக் கழிந்திருக்காது, காற்று திரும்பியது. எங்கள் வாசனை (முக்கியமாக என் அமிர்தாஞ்சன்) மேலே போயிருக்க வேண்டும். கிடா ஒருமுறை மூக்கைத் தூக்கியது. அவ்வளவுதான், பாறை மட்டும் இருந்தது.

பேத்தி அழுதேவிட்டாள். "அப்புறம் எதுக்கு இவ்வளவு காசு குடுத்து இதை வாங்கினே?" என்று பைனாகுலரைக் காட்டிக் கத்தினாள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய கதையை அவளுக்குச் சொன்னார். நான் தூங்குவது போல் படுத்திருந்தேன். அவள் கேட்ட ஒரே கேள்வி: "அது எவ்வளவு நாள் உயிரோட இருந்திருக்கும் தாத்தா?"

விறகு வெடிக்கிற சத்தம்தான் கேட்டது.

விடியற்காலையில் ஐந்து பெட்டை ஆடுகள் கீழ்ச்சரிவில் மேய்ந்தன. கொம்புக்காகக் கிடாவைத் தேடுவார்கள்; ஆனால் எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் பெட்டையைத்தான் எடுக்க வேண்டும் என்றார் பெரியவர். பேத்தி பைனாகுலரை வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் பார்த்தாள். தூரத்தை அளக்கவில்லை. எந்த ஆட்டின் பின்னால் குட்டி வருகிறது, எதன் பின்னால் வரவில்லை என்று பார்த்தாள். அரைவெளிச்சத்தில் அந்த எட்டு மடங்குக் கண்ணாடி சாப்பிட்ட காசுக்கு வேலை செய்தது. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாறைக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி நெருங்கி, பொத்தானை அமுக்கினாள். 160. காற்றே இல்லை.

ஒரே குண்டு. ஆடு நின்ற இடத்திலேயே சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டது நிஜம். திறந்தபோது, அந்தப் பெண் ஆட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

கறி பங்கு எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மிளகும் சீரகமும் அரைக்க ஆரம்பித்தாள். மலையில் ஓடிய ஆடு, குக்கரில் ஒன்பது விசில் வரை பிடிவாதம் பிடித்தது. குழம்பில் ஒரு தூக்கு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

"எவ்வளவு தூரத்துல சுட்டாங்க?" என்றாள் ராத்திரி.

"நூத்தி அறுபது மீட்டர்."

"அதுக்கா அந்த மனுஷன் கார் விலை குடுத்து வாங்கினாரு? அவ்வளவு கிட்டத்துல எனக்கே தெரியுமே!"

"நூத்தி அறுபதுல சுட்டதுக்கு இல்லை. முந்தின நாள் முந்நூத்தித் தொண்ணூறுல சுடாம இருந்தாங்களே, அதுக்குக் குடுத்த விலை" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தேன். கோலம் வழக்கத்தைவிடப் பெரிதாக, அடுத்த வீட்டுப் பக்கமாகப் போட்டிருந்தது.